அத்தி பூப்பதை யார் பார்த்தது?

 

வெகு நாள் கழித்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார். வாசலில் பார்த்ததும் என்ன கேட்போம்? "என்ன அண்ணே, அத்தி பூத்தாற்போல வந்திருக்கீங்க!" என்று கேட்போம். அத்திப் பூவை யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பேச்சு இது.

உண்மையில் அத்தி பூக்கிறது. ஒரே வருடத்தில் பல முறைகூடப் பூக்கிறது. ஆற்றங்கரையில், துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பூக்கிறது. பிறகு ஏன் கண்ணில் படவில்லை?

ஓர் இளம் அத்திக்காயைப் பறியுங்கள். கத்தியால் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும். அதைச் சுற்றி, தோலின் உள்பக்கத்தில், பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அவைதான் பூக்கள். அத்திக்காய் என்று சொல்கிறோமே, அது பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பை. பொரியல் செய்து சாப்பிடுகிறோம். பூவைத்தான் சாப்பிடுகிறோம் என்பது தெரியாமலே சாப்பிடுகிறோம்!

இது அத்திக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. ஆலமரம், அரசமரம், இச்சி மரம் எல்லாம் அத்தியின் உறவுக்காரர்கள். ஒரே குடும்பம். கடையில் காயவைத்து விற்கும் சீமை அத்தியும் இதே குடும்பம்தான். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் 700க்கும் மேற்பட்ட வகை மரங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 100 வகை போல இருக்கின்றன. எல்லாவற்றிலும் பூ உள்ளேதான்.

பூ மூடிக் கிடந்தால் மகரந்தம் எப்படி மாறும்? தேனீ வர முடியாது. வண்டு வர முடியாது. காற்றும் புகாது. இதற்கென்றே ஒரு பூச்சி இருக்கிறது. அதன் பெயர் அத்திக்குளவி. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். கடுகு அளவுதான் இருக்கும். மனிதரைக் கொட்டாது.

அத்திக்காயின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெண் குளவி அதன் வழியே உள்ளே நுழையும். துளை மிகவும் இறுக்கமானது. நுழையும்போதே இறக்கை ஒடிந்துவிடும். அப்புறம் அதற்கு வெளியுலகம் கிடையாது. தன்னோடு கொண்டு வந்த மகரந்தத்தை உள்ளே இருக்கும் பூக்களில் சேர்க்கும். சில பூக்களில் முட்டை இடும். பிறகு அங்கேயே செத்துப்போகும்.

முட்டை இட்ட பூக்களில் குஞ்சுகள் வளரும். மற்றப் பூக்களில் விதை வளரும். பிள்ளைக்குப் பாதி, மரத்துக்குப் பாதி என்று பங்கு போட்டதுபோல! சில வாரம் கழித்து முதலில் ஆண் குளவிகள் வெளியே வரும். அவற்றுக்கு இறக்கையே இல்லை. பெண் குளவிகளோடு சேர்ந்தபின், காயின் சுவரைக் கடித்துக் கடித்து ஒரு வழி உண்டாக்கும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. செத்துவிடும். அந்த வழியாகப் பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பறந்து போகும்.

அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே எல்லாம் சொத்தை என்று ஒரு பழமொழி சொல்கிறோம். அந்தச் சொத்தையில் ஒரு பங்கு இந்தக் குளவிக் குடும்பம்தான். அது இல்லாவிட்டால் விதை இல்லை. விதை இல்லாவிட்டால் மரம் இல்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

வெளியே வந்த பெண் குளவிக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் ஓர் இளங்காயைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் அது பிறந்த மரத்தில் இளங்காய் இருக்காது. பெரும்பாலும் ஒரு மரத்தில் உள்ள காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துவிடும். ஆகவே அது வேறு மரத்தைத் தேடிப் போக வேண்டும். அதுவும் எந்த மரமும் உதவாது. ஆலமரத்துக் குளவிக்கு ஆலமரம்தான் வேண்டும். அரசமரத்துக் குளவிக்கு அரசமரம்தான் வேண்டும். காற்றில் ஏறிப் பல கிலோமீட்டர்கூடப் போகிறதாம் இந்தக் கடுகுப் பூச்சி.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் குளவி இனம் அழியாமல் இருக்க வேண்டும் என்றால் என்ன வேண்டும்? சித்திரையில் ஒரு மரம் பழுத்தால், அதே சித்திரையில் இன்னொரு மரம் பிஞ்சு விட்டிருக்க வேண்டும். அது பழுக்கும்போது மூன்றாவது மரம் பிஞ்சு விட வேண்டும். வருடம் முழுவதும் இந்தத் தொடர் அறுந்து போகக் கூடாது. அதனால்தான் ஒரு வட்டாரத்தில் உள்ள ஆலமரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. உங்கள் ஊர் ஆலமரமும் பக்கத்து ஊர் ஆலமரமும் எப்போது பழுக்கின்றன என்று பார்த்து வையுங்கள். தெரிந்துவிடும்.

இதில் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் யோகம் அடித்தது. மாமரம் ஒரு பருவத்தில் பழுக்கும். நாவல் ஒரு பருவத்தில் பழுக்கும். பருவம் முடிந்தால் பழம் இல்லை. காட்டில் ஒன்றுமே பழுக்காத மாதங்கள் உண்டு. அந்தப் பஞ்ச மாதத்திலும் எங்காவது ஓர் ஆல், ஓர் அத்தி, ஓர் இச்சி பழுத்திருக்கும். குயில், மைனா, குக்குறுவான், பச்சைப்புறா எல்லாம் அங்கே கூடிவிடும். அணில் வரும். குரங்கு வரும். பொழுது சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால் வரும், மரநாய் வரும். கீழே விழுந்ததைக் கரடியும் மானும் தின்னும். மத்திய இந்தியக் காடுகளில் கருமுக மந்திகள் மரத்தின் மேல் இருந்து பழத்தையும் இலையையும் தின்றுகொண்டே கீழே உதிர்க்கும். கீழே புள்ளிமான் கூட்டம் காத்திருக்கும். புலியோ சிறுத்தையோ வந்தால் மேலே இருக்கும் மந்தி முதலில் பார்த்துக் கத்திவிடும். மானுக்குச் சாப்பாட்டோடு காவலும் கிடைக்கிறது!

உலகத்தில் இதுவரை 1,200க்கும் அதிகமான வகைப் பறவைகளும் விலங்குகளும் அத்திக் குடும்பத்துப் பழங்களைத் தின்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வேறு எந்த மரக் குடும்பத்துக்கும் இத்தனை விருந்தாளிகள் இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆலமரத்தடிக்கு ராத்திரியில் போகாதே, முனி இருக்கிறது என்பார்கள். கிளைகள் சலசலக்கும். கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். தலையில் ஏதாவது விழும். உண்மைதான். ஆனால் டார்ச் லைட் அடித்துப் பார்த்தால் வௌவால் பழம் தின்றுகொண்டிருக்கும். அல்லது ஆந்தை உட்கார்ந்திருக்கும்.

விருந்தாளிகளில் இருவாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய அலகு உள்ள பறவை இது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு இந்தியாவிலும் இருக்கிறது. பெண் பறவை உயரமான பழைய மரத்தின் பொந்துக்குள் போய் உட்காரும். வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். 3 மாதம், 4 மாதம் அப்படியே உள்ளே இருக்கும். முட்டை இட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கும். அதுவரை ஆண் பறவைதான் சாப்பாடு கொண்டு வர வேண்டும். தொண்டைக்குள் பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஊட்டும். அந்தப் பழங்களில் பெரும் பங்கு அத்தி வகைப் பழங்கள்தான். சுற்றுவட்டாரத்தில் பழம் கிடைக்காவிட்டால் பொந்துக்குள் இருப்பவர்கள் கதி என்ன ஆகும்?

அருணாசலப் பிரதேசத்தில் நிஷி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இருவாச்சியின் அலகைத் தலைத் தொப்பியில் வைத்துக்கொள்வது அவர்களுடைய வழக்கம். அதற்காக வேட்டையாடினார்கள். இப்போது பலர் கண்ணாடி இழையில் செய்த அலகை வைத்துக்கொள்கிறார்கள். பக்கே என்ற புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் முன்பு வேட்டைக்குப் போனவர்களே இப்போது இருவாச்சிக் கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். எந்த மரத்தில் பொந்து இருக்கிறது என்பது வேட்டைக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

பழத்தைத் தின்ற பறவை எங்கோ போய் எச்சம் இடுகிறது. பனைமரத்தின் மட்டை இடுக்கில் விதை விழுகிறது. அங்கேயே முளைக்கிறது. மேலிருந்து வேர் விட்டு மண்ணைத் தொடுகிறது. பிறகு பனையையே சுற்றி வளைத்துவிடுகிறது. கோயில் கோபுரத்திலும் கிணற்றுச் சுவரிலும் முளைப்பதும் இப்படித்தான். கிணற்றுச் சுவரில் முளைத்தால் பிடுங்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கிணறு போய்விடும்.

இந்த வேரின் பலத்தை மேகாலயா மக்கள் அழகாகப் பயன்படுத்துகிறார்கள். காசி, ஜெயின்தியா மக்கள் வாழும் மலைகள் அவை. உலகத்திலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்கள் அங்கே இருக்கின்றன. ஓடையைக் கடக்க மூங்கில் பாலம் போட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். அதனால் ஓடைக் கரையில் ரப்பர் ஆல் என்ற மரத்தை வளர்க்கிறார்கள். இதுவும் அத்திக் குடும்பம்தான். பாக்கு மரத்தைப் பிளந்து குடைந்து வாய்க்கால்போல் ஆக்கி, அதற்குள் இளம் வேரை விட்டு, அக்கரை வரைக்கும் கொண்டுபோகிறார்கள். வேர் அக்கரை மண்ணில் ஊன்றிக்கொள்ளும். அதன்மேல் ஆள் நடக்க 15 வருடமோ, 20, 30 வருடமோ ஆகும். தாத்தா தொடங்கியதில் பேரன் நடப்பான். வயது ஆக ஆக அந்தப் பாலம் பலமாகும். நோங்ரியாட் என்ற ஊரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குப் பாலம் இருக்கிறது. அதைப் பார்க்க மலையில் 3,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். 2022இல் இந்த வேர்ப் பாலங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன.

விழுது விஷயத்துக்கு வருவோம். கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹௌரா இருக்கிறது. அங்குள்ள தாவரத் தோட்டத்தில் ஒரு பெரிய ஆலமரம் உண்டு. வயது சுமார் 250. அந்த மரத்துக்கு அடிமரம் கிடையாது! 1864இலும் 1867இலும் புயல் அடித்தது. கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் காளான் நோய் பிடித்தது. 1925இல் அடிமரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை. 3,000க்கும் மேற்பட்ட விழுதுகளில் நின்று இன்றைக்கும் வளர்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தோப்பு மாதிரித் தெரியும். சென்னை அடையாறு ஆலமரத்துக்கும் 1989இல் இதே கதிதான். புயலில் அடிமரம் சாய்ந்தது. விழுதுகள் தாங்கிக்கொண்டன. ஆந்திராவில் கதிரி ஊருக்குப் பக்கத்தில் திம்மம்மா மர்ரிமானு என்ற ஆலமரம் 4 ஏக்கருக்கும் மேல் பரந்திருக்கிறது. தெலுங்கில் மர்ரி என்றால் ஆல். 1989இல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்த மரம் அது.

அதே தெலுங்கு நாட்டில், தெலங்கானாவின் மகபூப்நகரில், பில்லலமர்ரி என்று ஒரு பழைய ஆலமரம் இருக்கிறது. பிள்ளைகள் ஆலமரம் என்று அர்த்தம். அதைக் கரையான் அரித்துவிட்டது. கிளை முறிந்து விழுந்தது. 2018இல் அதற்கு வைத்தியம் செய்தார்கள். எப்படித் தெரியுமா? ஆஸ்பத்திரியில் நமக்குக் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அதுபோல மரத்தில் வரிசையாகப் பாட்டில்களைத் தொங்கவிட்டு, பூச்சி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சாய்ந்த கிளைகளுக்கு முட்டுத் தூண் கட்டினார்கள்.

பெயர் பெற்ற மரத்துக்கு டிரிப் ஏற்ற ஆள் வரும். சாலையோர மரத்துக்கு யார் வருவார்கள்?

ஆலமரத்து மரம் விலை போகாது. கதவு செய்ய உதவாது. பழத்தை மனிதர் விரும்பிச் சாப்பிடுவதில்லை. அதனால் "சும்மா நிற்கிற மரம்தானே" என்கிறார்கள். ஆனால் அசோகச் சக்கரவர்த்தி, 2,200 வருடங்களுக்கு முன்பே, மனிதருக்கும் மாட்டுக்கும் நிழல் வேண்டும் என்று வழியோரம் ஆலமரங்களை நடச் செய்தார். அதைத் தம் கல்தூணில் எழுதியும் வைத்தார். வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் அந்த நிழலில்தான் இளைப்பாறினார்கள். பம்பாயில் 1850களில் பங்குத் தரகர்கள் ஆலமரத்தடியில் கூடித்தான் வியாபாரம் பேசினார்கள். அதுதான் பின்னால் பம்பாய் பங்குச் சந்தை ஆயிற்று.

இப்போது சாலைகளை அகலமாக்குகிறார்கள். அகலமான சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வேகமாக வர வேண்டும். பஸ் வர வேண்டும். ஆனால் முதலில் கோடரி விழுவது இந்த மரங்களின்மேல்தான். ஹைதராபாத்திலிருந்து பிஜாப்பூர் போகும் சாலையில் செவெள்ளா என்ற ஊர்ப் பக்கம் சுமார் 900 ஆலமரங்கள் நின்றன. அந்தச் சாலையை நான்கு வழிச் சாலையாக்கத் திட்டம் வந்தது. மரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள்.

"ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடுவோம்" என்று அதிகாரிகள் சொல்வது உண்டு. நல்லதுதான், நடட்டும். ஆனால் இன்றைக்கு நட்ட கன்று எப்போது காய்க்கும்? எப்போது விழுது விடும்? அதுவரை அந்தக் குளவி எங்கே போகும்? அதற்கு இருப்பது இரண்டு நாள்! தொடரில் பல கண்ணிகள் அறுந்தால், மிச்சம் நிற்கும் மரத்துக்கும் குளவி வராது. குளவி வராத மரம் பிஞ்சை உதிர்த்துவிடும். மரம் பச்சையாக நிற்கும், விருந்து இருக்காது. கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போட வேண்டும். யாரும் போடுவதில்லை.

கர்நாடகத்தில் திம்மக்கா என்று ஓர் அம்மா இருந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. கல் குவாரியில் கூலி வேலை செய்தார். அவருக்கும் கணவர் சிக்கையாவுக்கும் குழந்தை இல்லை. ஊர் பேசியது. பெங்களூருக்கு மேற்கே மாகடி வட்டத்தில் ஹுலிகல் அவர்கள் ஊர். ஹுலிகல்லுக்கும் கூதூருக்கும் நடுவில் நிழலே இல்லாத சாலை. முதல் வருடம் அதில் 10 ஆலங்கன்று நட்டார்கள். அடுத்த வருடம் 15. அதற்கு அடுத்து 20. குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு 4 கிலோமீட்டர் நடந்து ஊற்றினார்கள். ஆடு மாடு கடிக்காமல் முள் கட்டினார்கள். மொத்தம் 385 மரங்கள்! கன்னடத்தில் சாலு மர என்றால் வரிசை மரம். அதனால் அவரைச் சாலுமரத திம்மக்கா என்று எல்லாரும் அழைத்தார்கள்.

2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். விருது கொடுத்த ஜனாதிபதியின் தலையில் கை வைத்து அந்த அம்மா ஆசீர்வாதம் செய்தார். பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படம் வந்தது. அதே 2019இல் அவர் வளர்த்த மரங்கள் இருந்த சாலையை அகலப்படுத்தத் திட்டம் வந்தது. திம்மக்கா பேசாமல் இருக்கவில்லை. முதலமைச்சரிடமே முறையிட்டார். மரங்களை வெட்டாமல் வேறு வழி பார்க்கிறோம் என்று அரசு சொன்னது. 2025 நவம்பரில் திம்மக்கா காலமானார். வயது 114 என்று சொன்னார்கள்.

உங்கள் ஊரிலும் சாலை வேலை வரலாம். அளவுக் கல் நடுவதற்கு முன்பே கிராம சபையில் கேளுங்கள். எந்த மரம் போகிறது, எத்தனை போகிறது என்று பட்டியல் கேளுங்கள். சாலையை ஒரு பக்கமாக மட்டும் அகலப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். மனுவாக எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடத்தான் இப்போது தெரியுமே! ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் நட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலமரத்துக்கு விதை தேடி அலைய வேண்டாம். போத்து நட்டால் போதும். கை மணிக்கட்டுப் பருமனில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கொம்பை வெட்டுங்கள். வெட்டிய மேல் நுனியில் சாணி அப்பி வையுங்கள், காயாது. மழை தொடங்கும்போது இரண்டு அடி ஆழத்தில் ஊன்றி மண்ணை நன்றாக மிதியுங்கள். வீடு, கிணறு, சுவர் பக்கம் வேண்டாம். ஏரிக்கரை, மந்தை, புறம்போக்கு நல்ல இடம். சுற்றி முள் வைத்துக் கட்டுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றுச் சுவரில் பிடுங்கிய அரசங்கன்றையும் தூக்கி எறிய வேண்டாம். வேர் முறியாமல் எடுத்து, ஒரு சாக்கில் மண் போட்டு நட்டு, நிழலில் வைத்திருங்கள். அடுத்த மழைக்கு அதையும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோகலாம்.